கலியாணத்துக்கு முன் காலியாக வேண்டிய வீடு

பஸ்ஸில் என் மடியில் ஒரு தயிர்ச் சட்டி இருந்தது. அது என்னுடையதல்ல. பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் இரண்டு சட்டிகளில் ஒன்றை, "கொஞ்சம் புடிங்க தம்பி" என்று என்னிடம் தந்துவிட்டுத் தூங்கிப்போனார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதுமே வராது. மகாஓயா தாண்டி டயர் வெடித்து எல்லோரும் கீழே இறங்கியபோதும் நான் சட்டியோடுதான் இறங்கினேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்த மறுவருடம் அது. சாலையோரக் காவலரணில் இருந்து ஒரு இளம் ராணுவ வீரர் வந்து சட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "தயிர் விக்கிறதுக்கா எண்டு கேக்கிறான்." கடைசியாக இறங்கிய பெரியவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, விற்பனைக்கில்லை, மகள் வீட்டுக்கு என்றார். அந்தப் பையன் ஏமாற்றத்தோடு திரும்பிப் போய் நிழலில் உட்கார்ந்தான்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். கடை வைப்பதற்கு முன் பல வருடம் கத்தாரில் ஒரு தையல் கடையில் வேலை. எதிர் மெஷினில் இருந்தவர் ஜவ்பர், இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதுக்காரர். எங்களைச் சேர்த்து வைத்தது தையல் அல்ல. என் மகன் குமரனும் அவர் மகன் அஸ்மியும்தான். இரண்டு பேருக்கும் ஆட்டிசம். அந்தச் சொல் எங்கள் இருவருக்குமே தாமதமாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் கிரிக்கெட் பேசுவார்கள். நாங்கள், "உன் பையன் இப்போது சோற்றைத் தொடுகிறானா?" என்று பேசிக்கொள்வோம்.

சுனாமி வந்த அன்றும் ஜவ்பர் என் எதிரேதான் இருந்தார். தொலைபேசி கிடைக்காமல் கையில் கத்தரிக்கோலோடு தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கடலோரத்து வீட்டில் அஸ்மி, செருப்புகளை வரிசையாக வைத்து முடிக்காமல் வெளியே வர மறுத்திருக்கிறான். அவன் தாய் பரீதா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். உயிர் தப்பினார்கள். பிறகு முகாமில் அவன் இரவு பகலாகக் கத்தியதால், ஒரு உறவினரின் மாட்டுக் கொட்டிலுக்குப் போய் இருந்தார்களாம். ஊருக்குள் தள்ளிப் புது வீடு கட்டிய பிறகு, அந்த வீட்டில் அவன் கத்தாமல் இருக்கப் பழகுவதற்கே ஒரு வருடத்துக்கு மேலாகியது.

இப்போது அஸ்மியின் அக்கா றிஸ்னாவுக்குக் கலியாணம். ஜவ்பர் தொலைபேசியில், "பத்து நாள் முந்தி வாங்கண்ணன். கலியாணம் பாக்க இல்ல. அஸ்மியப் பழக்கித் தரோணும்" என்றார்.

எதற்குப் பழக்குவது என்பது வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் பெண் அழுதுகொண்டு கிளம்புவாள். இந்தக் கரையோர ஊர்களில் பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். பிறந்த வீடு சீதனமாக அவள் பெயருக்கு எழுதப்படுகிறது. தாயும் தகப்பனும் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறொரு சின்ன வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை விட்டு இறங்கும் ஊர்.

ஜவ்பர், வளவு என்று அவர்கள் சொல்லும் அதே மனையின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். அவரும் பரீதாவும் அஸ்மியும் போக வேண்டிய வீடு அது. எல்லாம் முன் வீட்டைப் போலவே. அதே பச்சைச் சாயம், அதே கதவு, அதே ஜன்னல் கம்பி. "அளவு மட்டும்தான் சின்னன். மத்தப்படி அச்செடுத்த மாதிரி. அவனுக்கு வித்தியாசம் வெளங்கப்படா எண்டு மேசன்ட்ட சொல்லித்தான் கட்டின" என்றார் பெருமையாக.

அஸ்மி அந்த வீட்டு வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைப்பான். நிற்பான். பிறகு கையைக் கடித்துக்கொண்டு கத்துவான். முன் வீட்டுக்கு ஓடிவிடுவான். ஒரு மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. தாயை விட உயர்ந்துவிட்ட பையன். அவனைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டும். கண்ணூறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். பிரிவு அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றார்கள்.

முதல் நாள் மதியம் சோறும் புளியாணமும் சாப்பிட்டோம். எங்கள் ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்தால் அப்படி இருக்கும். கூனி இறாலைத் தேங்காய்த் துருவலோடு சுண்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது முறை பரிமாறியபோதும் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. படுக்க எனக்குப் பின் வீட்டைக் கொடுத்தார்கள். அதுதான் காலியாக இருந்தது.

குமரனோடு நாங்கள் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறோம். அவனுடைய பொருட்களை ஒவ்வொன்றாக, அவன் கையாலேயே எடுத்துப்போக வைத்துப் பழக்கினோம். அதையே இங்கும் செய்தேன். முதலில் அஸ்மியின் பாய். பிறகு தலையணை. பிறகு அவன் தகரக் குவளை. அவன் சொன்னபடி எடுத்து வந்து பின் வீட்டு வாசல்படியில் வைத்தான். எனக்குச் சந்தோஷம். நான் முகம் கழுவி வருவதற்குள் எல்லாம் முன் வீட்டில் பழைய இடத்தில் இருந்தன. என் துண்டும் அங்கே போயிருந்தது. என் செருப்பும்.

"உங்களையும் முன் வீட்டுக்கு எடுத்திட்டான்" என்றார் பரீதா.

மறுநாள் பரீதா, அவரும் சில தாய்மாரும் சேர்ந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்புக்கு எங்களைக் கூட்டிப்போனார். பழைய நெல் களஞ்சியம் ஒன்றில் ஒரே அறை. சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டார் மேசைகளும் பொம்மைகளும் கொடுத்துத் தொடங்கி வைத்தார்களாம். சில வருடத்தில் அவர்கள் போய்விட்டார்கள். பொம்மைகள் உடைந்துவிட்டன. பெண்கள் மட்டும் தொடர்ந்து வருகிறார்கள். பிள்ளைகள் பயற்றையும் உளுந்தையும் கலந்து வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி நூற்கண்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"இந்தியாவில இருந்து டொக்டர் வாறார் எண்டாங்க. நீங்கதானா?" என்று ஒரு பெண் எழுந்து நின்றார். நெற்றியில் பொட்டு. தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த வசந்தி. நூல் சுற்றும் சிறுமி அவர் மகள்.

நான் கூனிக் குறுகிப்போனேன். பரீதாதான் காப்பாற்றினார். "டொக்டர் இல்ல வசந்தி, டெய்லர். இவர் ஊசி போடுறது துணிக்கு மட்டும்தான்."

வசந்தி சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கலவரக் காலங்களில் தமிழ்ப் பக்கமும் முஸ்லிம் பக்கமும் கடைகளை மூடி, ஒருவர் தெருவில் மற்றவர் கால் வைக்காத நாட்கள் இருந்தனவாம். அப்போது எப்படி வந்தீர்கள் என்று ஜவ்பர் கேட்டார். அவர் அந்த வருடங்களில் கத்தாரில் இருந்தவர்.

"என்ன செய்யிற? இண்டைக்குக் கிளாஸ் எண்டா கிளாஸ். ஒரு நாள் பிசகினா இவள் ராத்திரி வரைக்கும் கத்துவாள். ஹர்த்தால் எண்டு இவளுக்குச் சொல்லி வெளங்கப்படுத்த ஏலுமா? ஹர்த்தால்காரருக்குத்தான் இவளச் சொல்லி வெளங்கப்படுத்தினன்."

"வெளங்கிச்சா?"

"இவள் ஒருக்கா கத்தினாள். வழி விட்டுட்டாங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஊரில் குமரன் போகும் பள்ளியில் வண்ண வண்ண நாற்காலிகள் உண்டு. தாய்மார் வெளியே வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் காத்திருப்பார்கள். இப்படி ஒரு சிரிப்பை அங்கே கேட்டதில்லை.

என் முயற்சி எதுவும் பலிக்கவில்லை. கலியாண நாள் நெருங்கியது. பெண்கள் கூட்டமாக வந்து பலகாரம் சுட்டார்கள். அந்தச் சத்தத்தில் அஸ்மி, குசினி என்று அவர்கள் சொல்லும் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள தன் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அங்கேயாவது அவனுக்கு ஒரு மூலை இருந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளை வந்து அமரும் கூடமும் அதுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த அவமானம் நேர்ந்தது.

மதியச் சாப்பாட்டை முன் வீட்டுக் கூடத்தில் முடித்தேன். விருந்தாளி தட்டைத் தூக்கக் கூடாது என்று ஜவ்பர் சொல்லச் சொல்ல, கூச்சத்தில் நானே எடுத்துக்கொண்டு குசினிக்கு நடந்தேன். ஏதோ யோசனை. வலது பக்கம் திரும்பி, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன். அது குசினி இல்லை. றிஸ்னாவுக்குச் சட்டை அளவு சரி பார்த்துக்கொண்டிருந்த அறை. ஐந்தாறு பெண்கள் ஒன்றாக அலறினார்கள். எச்சில் தட்டோடு நான் நின்றேன். அலறல் அடங்குவதற்குள் ஒரு குரல்: "அளவெடுக்க டெய்லர் வந்திட்டார்!"

சிரிப்பு தெருவரை கேட்டிருக்கும். நான் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். வாளியில் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்தேன். இத்தனை நாளாக இந்தக் கூடத்தில் சாப்பிட்டிருக்கிறேன். குசினி இடது பக்கம் என்று நன்றாகத் தெரியும். கால் ஏன் வலது பக்கம் போனது?

பின் வீட்டில் குசினி வலது பக்கம். அங்கே படுத்து எழுந்து, தண்ணீர் குடிக்கப் போய், என் கால் அதைப் பழகியிருந்தது.

நிமிர்ந்து இரண்டு வீட்டையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில், தெற்கு ஓரமாகக் கிணறு; அந்தத் தெற்குப் பக்கமே இரண்டு குசினியும் இருந்தன. முன் வீட்டு வாசல் கடலைப் பார்த்துக் கிழக்கே. பின் வீட்டு வாசல் பின்பக்கச் சந்தான ஒழுங்கையைப் பார்த்து மேற்கே. மாப்பிள்ளை இருக்கும் முற்றத்தின் வழியே மாமியார் போய்வரக் கூடாது என்று தனி வாசல் வைத்திருந்தார்கள். கிணறு ஒன்று என்பதால் குசினியை அதன் பக்கமே விட்டிருந்தார் மேசன். வாசல் திரும்பிவிட்டது, குசினி திரும்பவில்லை. முன் வீட்டில் இடது கைப் பக்கம் உள்ளதெல்லாம் பின் வீட்டில் வலது கைப் பக்கம். அஸ்மி உள்ளே போய் இடது பக்கம் தன் மூலைக்குத் திரும்புகிறான். அங்கே அறைச் சுவர் நிற்கிறது. எல்லாம் அதே பச்சை, அதே கதவு, ஆனால் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. வேறு வீடாகவே இருந்திருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

ஜவ்பரைக் கூப்பிட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு, முன் வீட்டுல குசினிக்குப் போற நினைப்புல நடங்க" என்றேன். அப்படியே பின் வீட்டுக்குள் நடக்க வைத்தேன். இரண்டாவது எட்டில் சுவரில் மூக்கு இடித்தது.

அவர் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். சிரித்தார். "ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டின சட்டையப் போல. எத்தின வருசம் கத்தரிக்கோல் புடிச்சன் அண்ணன்!" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஒரு மாசமா அவன இழுத்து இழுத்து உள்ளுக்க தள்ளின நாங்க."

தெரிந்துகொண்டதால் வீடு திரும்பிவிடாது. குசினியை இடித்து மாற்ற நாள் இல்லை. மாற்றினாலும் கிணறு தூரம். இன்னும் இழுத்துப் பார்ப்போம் என்று ஜவ்பர் தயங்கிச் சொன்னபோது, மா பிசைந்துகொண்டிருந்த பரீதா கையை உதறிவிட்டு எழுந்தார்.

"நான் இந்த வீட்ட விட்டு இறங்க ரெடி. ஊர் வழமை, இறங்கத்தான் வேணும். ஆனா அவனத் தூக்கிக்கொண்டு ஓடுறது ஒருக்காத்தான் ஏலும். ஓடினன். இனி ஏலா."

அறைக்குள்ளிருந்து றிஸ்னாவின் குரல் வந்தது. "வாப்பா, நான் பின் வீட்டுக்குப் போறன். நீங்க மூணு பேரும் இஞ்சயே இரிங்க."

"வாயப் பொத்து புள்ள! ஒத்த மகள். அவளுக்கு மிச்சத்தக் குடுத்தான் எண்டு ஊர் கதைக்கும். முன் வீடு எண்டு பேசித்தானே மாப்பிள்ள எடுத்த? இப்ப போய் மாத்தினா கலியாணமே நிண்டு போகும்" என்றார் ஜவ்பர்.

ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் இடம் என்று ஆகிவிட்டது. ஜவ்பர் கிணற்றடியில் முகம் கழுவி வந்தார். பிறகு சட்டையைப் போட்டார். "வாங்கண்ணன். மாப்பிள்ளட உம்மாக்கிட்டப் போவம். நான் கதைக்கன். நீங்க சும்மா பக்கத்தில நில்லுங்க." சும்மா நிற்பது என்னால் முடியும்.

மருதமுனைக்கு ஒரு முச்சக்கர வண்டியில் போனோம். வழியில் கல்முனைச் சந்தையில் வண்டி நின்று போனது. ஓட்டுநர் இறங்கித் தள்ளச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் கொஞ்ச தூரம் வண்டி தள்ளி வியர்த்துக்கொண்டுதான் போனோம்.

மாப்பிள்ளையின் தாய் ஆசியா உம்மா தறியில் சாரம் நெய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கைலிதான் இங்கே சாரம். காலை நிறுத்தாமலே எங்களை உட்காரச் சொன்னார். ஜவ்பர் சுற்றி வளைத்துத் தொடங்கினார். மகனுக்குக் கொஞ்சம் சுகமில்லை, சின்ன வயசில் இருந்து ஒரு மாதிரி...

"அஸ்மியத்தானே சொல்றீங்க?" தறி நின்றது. "பொண்ணு பாக்க வந்தண்டு அவன ஒளிச்சு வச்சீங்க. எங்களுக்குத் தெரியா எண்டா நினைச்சீங்க? இந்த ஊர்ல ஒரு ஆட்டுக்கு வயித்துவலி எண்டாலும் மூணு ஊருக்குத் தெரியும். கேப்பம், அவங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்."

ஜவ்பர் தலை குனிந்தார். பிறகு எல்லாவற்றையும் நேராகச் சொன்னார். வீடு திரும்பிப்போனதை, மூக்கு இடித்ததை, மகள் பின் வீட்டுக்குப் போகிறேன் என்றதை.

ஆசியா உம்மா முழுவதும் கேட்டார். "உறுதி முன் வீட்டுக்கு, றிஸ்னாட பேர்ல. அது மாறப்படா" என்றார். வீட்டுப் பத்திரத்தைத்தான் அங்கே உறுதி என்கிறார்கள்.

ஜவ்பரின் முகம் விழுந்தது.

"அவசரப்படாம கேளுங்க. எண்ட புருஷன் மௌத்தான மறுகா அவர்ட காக்கா தம்பிமார் வந்து வாசல்ல நிண்டாங்க. வீடு எண்ட பேர்ல. பாத்திட்டுப் போனாங்க. பொம்பிளைக்குப் பேர்ல வீடு இரிக்கோணும். நாளைக்கு எண்ட மகனே பிழையா நடந்தாலும் அவள் அவன வெளிய போடா எண்டு சொல்லோணும். வெளங்குதா? ஆனா யார் எந்த வீட்டில படுக்கிற எண்டு உறுதியில எழுதுற இல்லயே. முன் வீட்ட அவளுக்கு எழுதுங்க. நீங்க மூணு பேரும் அதிலயே இரிங்க. புள்ளைகள் ரெண்டும் பின்னால இரிக்கட்டும்."

"ஊர் கதைக்கும்..." என்றார் ஜவ்பர்.

"கதைக்கட்டும். நான் சொன்ன எண்டு சொல்லுங்க. எண்ட வாய்க்குப் பயந்து நிப்பாட்டுவாங்க." மறுபடி தறியில் காலை வைத்தார். பிறகு மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் மௌத்தானா அவன் எங்க போற? தாத்தாட வீட்டுக்குத்தானே. இப்பவே அதிலதான் இரிக்கான் எண்டு வைங்களன்" என்றார். இந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவைத் தாத்தா என்பார்கள்.

திரும்பும் வழியில் ஜவ்பர் தொலைபேசியில் பரீதாவிடம் பேசிக்கொண்டே வந்தார். பாதி அழுகை, பாதி சிரிப்பு. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிறகு குமரன் எங்கே என்ற கேள்வியை நானும் என் மனைவியும் வாய்விட்டுப் பேசியதில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி அவள் போகிறவள், குமரன் இருக்கிறவன். வீடு அவனுக்கு இருக்கும். அவனோடு வீட்டில் இருக்கத்தான் ஆள் இருக்காது. ஒரு ஊரின் வழக்கம் ஒரு பிள்ளையைத் தெருவில் விடப் பார்த்தது. அதே வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபோது அவனுக்கு இடம் கிடைத்தது. எங்கள் வழக்கத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை இர்ஷாத் வந்து அமர்ந்தபோது அஸ்மி வகுப்பறையில் இருந்தான். வசந்தி அன்று தன் மகளோடு சேர்த்து அவனையும் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சகன்களில் சோறு உண்டார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றிலும் ஆறு பேர். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிடச் சோதனை வேறில்லை. என் பக்கத்துச் சோற்றை நான் எடுக்காமல் இருக்க, எதிரே இருந்தவர் இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நான் கிளம்புவதற்காக முற்றத்தில் நின்றேன். அஸ்மி முன் வீட்டிலிருந்து இறங்கி, வளவைச் சுற்றி ஒழுங்கை வழியே பின் வீட்டை நோக்கி நடந்தான். ஒருவரும் கூட்டிப்போகவில்லை. காலைத் தேநீர் அவனுக்கு எப்போதும் றிஸ்னாதான் கொடுப்பாளாம். கலியாண அமளியில் அதை நினைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"புடிங்க அவன! புதுப் பொண்ணு மாப்பிள்ள!" என்று பெண்கள் பின்னால் ஓடினார்கள். நானும் பரீதாவும் ஓடினோம். அவன் வாசல்படி வரை போய் நின்றான். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. ஒற்றைக் காலில் இருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றான்.

கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு இர்ஷாத் நின்றார். அதுவரை அவனை நேரில் பார்க்காதவர்.

"என்ன வேணுமாம் அவனுக்கு?"

"தேத்தண்ணி" என்றார் பரீதா, மூச்சு வாங்க. "தாத்தாட கையால. கோவிச்சிக்காதீங்க மகன், நான் கூட்டிட்டுப் போறன்..."

உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. றிஸ்னா கோப்பையோடு வந்து, வாசலைத் தாண்டி வெளியே படியில் இறங்கி நின்றாள். அஸ்மி வாங்கிக் குடித்தான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இர்ஷாத் நடுப்படியில் உட்கார்ந்து, எழுந்து, அவனுக்கு இடம் விட்டு ஓரமாக மறுபடி உட்கார்ந்தார். அஸ்மி உட்காரவில்லை. குடித்து முடித்தான், கோப்பையை அக்காவிடம் கொடுத்தான், வந்த வழியே திரும்பிப் போனான்.

"நாளைக்கும் வருவானா மாமி?" என்று இர்ஷாத் கேட்டார்.

பரீதா தயங்கினார். "வருவான். மழை எண்டாலும் வருவான்."

இர்ஷாத் நிமிர்ந்து வாசல்படிக்கு மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு மேல ரெண்டு தகரம் போடோணும்" என்றார்.